ஏன் டீச்சரும் வெந்நீரில் போட்ட வால்வும்

விழுப்புரத்தில் ‘ஏன்’ என்ற சொல்லை அதிகம் செலவழித்தவர் யாரென்று ஒரு போட்டி வைத்தால், இரண்டாம் பரிசுக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். முதல் பரிசு எங்கள் ஏன் டீச்சருக்கு.

கீழே அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், மாடியில் அவரும் கணவரும், மொட்டைமாடி அறையில் வாடகைக்கு நான். கணவர் தாலுகா ஆபீசில் ஓய்வுபெற்றவர். தெருவே அவரை ‘சார்’ என்றுதான் அழைக்கும். வீடு கேட்டுப் போன முதல் நாளே டீச்சர் என் சட்டையை உற்றுப் பார்த்தார். “ஆம்பள சட்டைக்கு பட்டன் ஒரு பக்கம், பொம்பள சட்டைக்கு இன்னொரு பக்கம். ஏன் தம்பி?” என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒத்துக்கொண்டதால்தான் வீடு கொடுத்தார் என்று பிறகு சார் சொன்னார். ஷேர் ஆட்டோக்காரர்கள் டீச்சரை டிரைவர் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். ஒரு தடவை கிளட்சைப் பற்றி அவர் கேட்ட கேள்வியில் ஆட்டோ கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் போய்விட்டதாம்.

டீச்சரிடம் பழைய சின்ன கார் ஒன்று இருந்தது. தட்டச்சுப் பரீட்சை மையம் திண்டிவனத்தில் ஒரு கல்லூரி. மெஷின்களை அந்தந்த இன்ஸ்டிட்யூட்தான் கொண்டுபோக வேண்டும். மினி வேனில் போட்டால் குலுங்கி எழுத்து சிக்கிக்கொள்ளும் என்று, டீச்சர் பழைய மெத்தையை விரித்துக் காரில்தான் கொண்டுபோவார்.

அந்த வருடம் ஆடி போயும் வெயில் போகவில்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் ஹாலைப் பார்த்துவர டீச்சரும் சாரும் கிளம்பினார்கள். எனக்கும் திண்டிவனத்தில் வேலை இருந்ததால் தொற்றிக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டியதும் வண்டியின் சூடு காட்டும் முள் மேலே ஏற ஆரம்பித்தது.

“ஏங்க, கண்ணாடிய எறக்குங்க. ஹீட்டர போடறேன்” என்றார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த டீச்சர்.

சார் அலறினார். “ஹீட்டரா? வெளியில நெருப்பா கொட்டிக்கினு கீது!”

“இஞ்சின் சூட்ட நாம உள்ள வாங்கிக்கினா, அது கொஞ்சம் எளப்பாறுமில்ல?”

“அது எளப்பாறும். நான் எங்க போயி எளப்பாற்றது?”

கூட்டேரிப்பட்டு வருவதற்குள் சார், இட்லிப் பானையைத் திறந்ததும் தெரிகிற மாதிரி ஆவி பறக்க உட்கார்ந்திருந்தார். ஆனால் முள் இறங்கிவிட்டது. “பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று டீச்சர் ஸ்டீயரிங்கைத் தட்டினார். அந்த அனலிலும் அவர் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார்.

சார் பொறுமையின் எல்லைக்கு வந்துவிட்டார். செஞ்சியில் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். “இன்னொரு வாட்டி சூடாச்சுன்னா குடுத்துடுவேன், சொல்லிட்டேன்” என்று அறிவித்தார். வீடு திரும்பியதும் டீச்சர் மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தார். இஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் மட்டும் தொட்டால் சில்லென்று இருக்கிறது. “தெர்மோஸ்டாட் வால்வு தொறக்கல மேடம். அத்த எடுத்துக் கடாசிட்டு ஹோஸ மாட்டிடலாம். நம்மூரு வெயிலுக்கு அது தேவையே இல்ல.”

“தேவையில்லாதத அவன் ஏன் வெச்சான்?”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். சார் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். “எனக்கு ஒரு அவசர வேல இருக்குது மேடம்” என்று மெக்கானிக் பைக்கை மிதித்தார்.

அன்று முழுக்க டீச்சர் போனில் வீடியோ பார்த்தார். சாயங்காலம் மாடியேறி வந்து, “தம்பி, அதுக்குள்ள மெழுகு இருக்குதாம்! சூடானா மெழுகு உப்பி கதவத் தள்ளி தண்ணிய ரேடியேட்டருக்கு வுடுதாம். ஆறினா தானா மூடிக்குதாம். கரண்டு கெடையாது, ஒண்ணும் கெடையாது. வெறும் மெழுகு!” என்றார். புதுப் பேரன் பிறந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

புது வால்வு வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறிய இஞ்சினோடு வேலையை ஆரம்பித்தார். இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட்டை ஒரு பேசினில் பிடித்தார். “இது இனிப்பா இருக்குமாம், நாய் குடிச்சா செத்துப்பூடும்” என்று பேசினுக்குக் காவலாக சாரைக் குடையோடு உட்காரவைத்தார். போல்ட்டு ஒன்று துருப்பிடித்து அசைய மறுத்தது. டீச்சர் அதற்கு எண்ணெய் விட்டு, அடி வைத்தியம் பார்த்து, கடைசியில் கெஞ்சிக்கூடப் பார்த்தார். கெஞ்சலுக்குத்தான் அசைந்தது.

வெளியே வந்த பழைய வால்வை அவர் சும்மா தூக்கிப்போடவில்லை. சமையலறைக்குப் போய், ரசச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டார். டைப் அடிக்க வந்திருந்த பெண்களெல்லாம் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. புதியது மெதுவாக வாயைத் திறந்தது. பழையது கம்மென்று கிடந்தது.

“தொறக்குது மிஸ்!” என்று ஒருத்தி கத்த, எல்லாரும் கைதட்டினார்கள். குடையோடு ஓடிவந்து எட்டிப் பார்த்த சார், “இனிமே இந்தச் சட்டியில ரசம் வெச்சா நான் சாப்ட மாட்டேன்” என்றார். “நாய்!” என்று டீச்சர் கத்தினார். சார் பேசினைப் பார்க்கத் திரும்பி ஓடினார்.

புது வால்வை, ஸ்பிரிங் இஞ்சின் பக்கம் பார்த்தபடி மாட்டி, கசியாமலிருக்க கேஸ்கெட் வைத்து முடுக்கி, கூலண்ட் ஊற்றி, எங்களையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்பி மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்போம். முள் விறுவிறுவென்று ஏறி மேலே முட்டிக்கொண்டு நின்றது.

டீச்சர் ஓரமாக நிறுத்தினார். கையெல்லாம் கிரீஸ். “ஏன்?” என்றார். முதல் தடவையாக அந்தக் கேள்வியை அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. சார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். செஞ்சிக்குத்தான் என்று நினைத்தேன். அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

“உள்ள காத்து புடிச்சிருக்கும் சார். ஆறவுட்டு, வண்டி மூஞ்சிய மேட்டுல வெச்சு நிறுத்துங்க. ரேடியேட்டர் மூடியத் தொறந்துட்டு அப்புறமா ஸ்டார்ட் பண்ணுங்க. கொமுளி வந்து அடங்கினதும் கூலண்ட்ட ரொப்பிடுங்க.”

அந்த வட்டாரத்தில் மேடு என்று இருந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல் சரிவு மட்டும். உள்ளே நிச்சயதார்த்தம். வண்டி ஆறியதும் மெதுவாக ஓட்டிப்போய், வாழைமரங்களுக்கு நடுவில் மூக்கைத் தூக்கி நிறுத்தினோம். வரவேற்பில் நின்ற பெண் பன்னீர் தெளித்தாள். “பொண்ணு வூடா, மாப்ள வூடா?” என்று கேட்ட பெரியவரிடம் சார் யோசிக்காமல், “ரேடியேட்டர் வூடு” என்றார். பெரியவர், “அப்டீங்களா, சாப்ட்டுப் போங்க” என்றார்.

மறுபடி நன்றாக ஆறவைத்து மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து காத்திருந்தோம். ஒரு குமிழி வந்தது. இன்னொன்று. பிறகு குபுகுபுவென்று ஒரு கூட்டமே வந்து ஓய்ந்தது. டீச்சர் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். “சுடுது! தம்பி, சுடுது!” கண்ணில் தண்ணீர் நின்றது. சார் தோள் துண்டை நீட்டினார்.

பரீட்சையன்று மெத்தை, மெஷின்கள், சார், நான் என்று நிறைந்து திண்டிவனம் போனோம். பெண்கள் பஸ்ஸில் வந்தார்கள். வழியெல்லாம் சார் ரோட்டைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது நடுவில் அசையாமல் நின்றது. மணி அடித்து, ஹாலுக்குள் எல்லா மெஷின்களும் ஒரே நேரத்தில் மழை பெய்வது போல ஆரம்பித்தபோது, டீச்சர் ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தன் மெஷின்களில் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று சத்தத்தை வைத்தே சொன்னார்.

அந்த நேரம் பார்த்துச் செஞ்சிக்காரர் போன் செய்தார். சார் சற்றுத் தள்ளிப் போய், கையால் வாயை மூடிக்கொண்டு பேசினார். “வண்டிய குடுக்கறதா இல்லீங்க. வூட்டுல அவங்க கையால ரிப்பேர் பண்ணது.”

திரும்பும்போது சார், டீச்சர் கேட்காமலே, தெர்மோஸ்டாட் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டு வந்தார். பாதி தப்பு. டீச்சர் திருத்தவேயில்லை; சிரித்தபடி ஓட்டினார். அன்றைக்கு விழுப்புரம் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது போல இருந்தது எனக்கு.