ஒளியண்ணன் கை வைத்த டயோடுகள்

சாப்பாட்டு மேசையை உயிரே போனாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒளியண்ணன் பல் துலக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். வாய் நிறைய நுரையோடு எடுத்த முடிவு என்பதால் அது யார் காதிலும் விழவில்லை. அதனால் என்ன, முடிவு முடிவுதான்.

ஒளியண்ணன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. லேசர் விளக்குகளைத் தாங்களே செய்து பார்க்கும் ஆசைக்காரர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்துவிட்டால் அவர்களுக்குப் பிறந்த பயன் கிடைத்துவிடும். அங்கே புதிதாக வந்து திருதிருவென்று விழிக்கிறவர்களுக்கெல்லாம் நம்மவர்தான் வழிகாட்டி. 'அண்ணே, டயோடு சூடாகுது', 'அண்ணே, டிரைவர்ல எது பிளஸ்' என்று கேள்வி வந்து விழுந்தபடியே இருக்கும். இவரும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். தொழிலில் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊராரை மேலே ஏற்றிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து கீழ்ப்படிகிற மனிதர். 'அண்ணே' என்று கூப்பிடுகிற அந்தக் குழுவில்தான் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

உட்காரும் இடம் சாப்பாட்டு மேசை. அதன்மேல் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன், மீட்டர், ஈயச் சுருள், அலுமினியத் துண்டுகள், மூடி தொலைந்த டப்பாக்கள், எந்த டப்பாவுக்கும் பொருந்தாத மூடிகள். மேசையின் நிறம் என்ன என்று வீட்டில் யாருக்கும் இப்போது நினைவில்லை.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கக்கா. பக்கத்து இருக்கையில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வண்டி எப்படி ஆடினாலும் அலைந்தாலும் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நிஜமாகவே ஆபத்து என்றால்தான் அவள் கால் நகரும்.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, வர்ற ஞாயித்துக்கெழம என் தம்பி குடும்பத்தோட சாப்பிட வரான். மேசைய ஒழிச்சுக் குடுத்துடுங்க."

"முடியாது."

வாட்சைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சொல் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. சொன்னவருக்கே அது புதிதாகத்தான் இருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னேன். விழலன்னா இன்னொரு தரம் சொல்றேன்."

"விழுந்துது. போன தடவ வந்தப்ப அவன் தட்ட மடியில வெச்சுக்கிட்டுச் சாப்பிட்டான். சோத்துல ஈயக் குண்டு கெடந்துச்சு. பல்லு போயிருக்கும்."

"போகலயே? கெட்டியான பல்லுன்னு சந்தோஷப்படு."

"பொண்ணு கட்டில்ல உக்காந்து சாப்பிடறா. நான் ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னுக்கிட்டுச் சாப்பிடறேன். எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சுன்னு தெரியுமா?"

"நான் மேசைலதான சாப்பிடறேன்?"

"ஆமா, சால்டரிங் அயர்ன ஓரமாத் தள்ளிட்டு. என்னிக்காவது அத எடுத்துக் கடிக்கப் போறீங்க."

ஒளியண்ணனுக்குச் சுருக்கென்றது. "நான் என்னமோ வெளையாடறேன்னு நெனச்சியா? இது சேவை. லேசர் ஒளியக் கக்கற இந்த டயோடுக்கு அளவு தெரியாதுடி. பேட்டரில நேராக் குடுத்தா குடிச்சுக்கிட்டே இருக்கும். சூடு ஏற ஏற இன்னும் குடிக்கும். கடைசில செத்துப் போகும். நடுவுல டிரைவர்னு ஒரு குட்டி சர்க்யூட் நின்னு, 'உனக்கு இவ்ளோதான்'னு அளந்து விடணும். புதுசா வர்றவங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுப்பா?"

"எனக்கே மனப்பாடமாச்சே. 'டயோடு புருஷன் மாதிரி, டிரைவர் பொண்டாட்டி மாதிரி, காபில சக்கரைய அவதான் அளந்து போடுவா'ன்னு குழுல பேசி அனுப்பறீங்களே."

ஒளியண்ணன் இருமினார். அது அவள் காதுக்குப் போகாது என்று நம்பிச் சொன்ன உதாரணம்.

"இருக்கட்டும்," என்றாள். "நம்ம வீட்டுக்கே தேடி வந்து கத்துக்கிட்டவங்க இருக்காங்கல்ல. அதுல யாருக்காவது லேசர் எரிஞ்சுதா?"

இந்தக் கேள்வி மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. வாராவாரம் யாராவது ஒருவர் டயோடும் கையுமாக இந்த மேசைக்கு வருவதுண்டு. பேக்கரியில் வேலை செய்யும் ஒரு பையன், குழுவில் அவனைப் பேக்கரி என்றே கூப்பிடுவார்கள், வந்தான். அவன் டயோடு போயிற்று. ஒரு நர்ஸம்மா வந்தார். அவருடையதும் போயிற்று.

"பேக்கரிக்குக் கை நடுக்கம். நர்ஸம்மா வாங்கினது மட்டமான சரக்கு. நான் என்ன பண்ண?"

"உங்க மேல தப்பே இல்ல."

"இல்லதான். ஒண்ணுமே தெரியாத ஒரு ஆளக் கூட்டிட்டு வா. இன்னிக்கே சொல்லிக் குடுத்து எரிய வெச்சுக் காட்டறேன். எரிஞ்சா மேசை எனக்கு. ஆயுசுக்கும் பேசக் கூடாது."

"எரியலன்னா?"

"உனக்கு. பூப்போட்ட துணி விரிச்சுக்கோ. நான் ஏன்னு கேக்கல."

"ஆள எதுக்கு வெளில தேடணும்? நானே கத்துக்கறேன்."

ஒளியண்ணன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஓகோ. வேணும்னே கெடுத்துட்டு மேசையத் தூக்கிட்டுப் போகலாம்னு பாக்கறியா?"

"நான் கெடுத்தா மேசை உங்களுக்கே. உங்க குழுவே பாக்கட்டும், பொண்ணு போன்ல காட்டுவா. ஒண்ணே ஒண்ணு. நீங்க வாயால மட்டும்தான் சொல்லிக் குடுக்கணும். கை வெச்சீங்கன்னா தோத்தீங்க."

அவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். "கை எதுக்கு? என் வாய் ஒண்ணு போதாதா?"

"போதும் போதும்," என்றாள் மகள் உள்ளறையிலிருந்து.

லிஃப்ட் கூண்டுக்குள் நின்றபடியே அன்று மதியம் அவர் குழுவுக்கு அறிவித்துவிட்டார். ஒன்றுமே தெரியாத ஒருவர் இன்று மாலை அனைவர் கண்முன்னாலும் லேசர் எரியவைக்கப் போகிறார், அதுவும் தன் கை படாமல், புதியவர்கள் தவறாமல் பார்க்கவும் என்று. இனி பின்வாங்க வழியில்லை. வாங்குவதாகவும் அவர் இல்லை.

மாலையில் மகள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழு மொத்தமும் அதற்குள் கூடியிருந்தது. பிரேக்கக்கா நாற்காலியை முன்னே இழுத்தாள். பிறகு கொஞ்சம் பின்னே தள்ளினாள். பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைத்தாள், மாட்டினாள், கழற்றினாள், மறுபடி துடைத்து மாட்டினாள். அப்புறம் வலது பக்கமும் இடது பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கு அங்கயும் இங்கயும் பாக்கற? லாரியா வருது?"

"பழக்கம். நீங்க சொல்லுங்க."

"இது டிரைவர். இதுல மொதல்ல டயோட மாட்டக் கூடாது. டம்மி லோட மாட்டு. போனாலும் கவலையில்லாத பொருள். எவ்ளோ கரண்ட் வருதுன்னு அதுல வெச்சு அளந்துக்கிட்டு, அப்பறம்தான் டயோடு."

"கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் எனக்கு இதச் சொல்லிக் குடுக்கலயே," என்று சொல்லிக்கொண்டே மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். மீட்டரைப் பார்த்து, டிரைவரில் இருந்த குட்டித் திருகாணியை ஸ்க்ரூ டிரைவரால் திருப்ப ஆரம்பித்தாள். திருப்பினாளா என்பதே சந்தேகம். அவ்வளவு மெதுவாக.

"இன்னும் கொஞ்சம். இன்னும். அட, திருப்பும்மா."

"திருப்பறேன்."

"கல்லுல எழுத்து செதுக்கற மாதிரி பண்ணாத. ஒரு சுத்து."

"கை."

"கை வைக்கலயே?"

"வருது."

அவர் குனிந்து பார்த்தார். வலது கை அவரைக் கேட்காமலேயே பாதி மேசையைக் கடந்திருந்தது. அதை இழுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். போனுக்குள் யாரோ சிரித்தார்கள்.

ஒருவழியாக மீட்டரில் சரியான எண் வந்து நின்றது. ஒளியண்ணனுக்கு உயிர் வந்தது. இவ்வளவுதான், இன்னும் ஒரு படி, மேசை நம்முடையது. போனைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டம்மிய எடு. இப்ப சுவிட்ச அணை. எல்லாரும் கவனிங்க. டிரைவரோட வாய்ல குண்டா ஒரு கெபாசிட்டர் இருக்கு பாருங்க. சுவிட்ச அணைச்சாலும் அதுல கரண்ட் தேங்கி நிக்கும். டயோட அப்படியே கொண்டுபோய் மாட்டினா, அத்தனையையும் ஒரே மூச்சுல குடிச்சுட்டுப் போய்ச் சேந்துடும். அதனால ஒரு ஒயர்த் துண்டால ரெண்டு முனையையும் சேத்துத் தொட்டு வடிச்சுடணும். அப்பறம்தான் டயோடு. புதுசா வர்றவங்க கோட்டை விடற எடமே இதுதான்."

"புரிஞ்சுது," என்றாள் பிரேக்கக்கா. டயோடை இடது கையில் எடுத்தாள். "ஒயர்த் துண்டு... இங்கதான வெச்சேன்?"

மீட்டரைத் தூக்கிப் பார்த்தாள். டப்பாவுக்குப் பின்னால் பார்த்தாள். மூடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"அங்க பாரு, அந்தப் பக்கம். அது இல்ல, இந்தப் பக்கம். டயோடோட கம்பிக் காலப் பாத்துப் புடி."

"பாத்துத்தான் புடிச்சிருக்கேன். ஒயர் எங்க போச்சு?"

"கால வளைக்காத. வளையுது. ஒடஞ்சுடும்."

"ஒடையாது. இருங்க, தேடறேன்."

ஈயச் சுருளைத் தூக்கிப் பார்த்தாள். சுருளின் ஓட்டைக்குள்ளும் பார்த்தாள். ஒளியண்ணனுக்கு நெற்றி வேர்த்தது. எரியப் போகிற டயோடு, வெற்றிக்கு ஒரு விரற்கடை தூரத்தில், இவள் விரலிடுக்கில் மாட்டிக்கொண்டு சாகப் போகிறதே என்று அவர் கை சட்டைப்பையை விட்டு வெளியே வந்தது.

"குடு இங்க."

பிடுங்கினார். மாட்டினார். சுவிட்சைப் போட்டார்.

சுவரில் புள்ளி விழவில்லை. டயோடின் வாயில் மட்டும் மங்கலாக ஒரு சிவப்பு மினுக்கிக்கொண்டிருந்தது. செத்த லேசர் டயோடு அப்படித்தான், சுவிட்ச்போர்டில் இருக்கும் குட்டி விளக்கு அளவுக்கு மினுக்கும், வேறொன்றுக்கும் உதவாது. அந்த மினுக்கலைப் பார்த்ததும் போன் கலகலத்தது.

"அப்பா, பேக்கரி எழுதறாரு," என்று மகள் படித்தாள். "'அண்ணே, என்னோடதும் இப்படியேதான் போச்சு. நீங்க குடு இங்கன்னு வாங்கி, வடிக்காமலேயே மாட்டினீங்க.' நர்ஸம்மா எழுதறாங்க, 'என்னோடதும். அப்ப சொல்ல மனசு வரல.' இன்னும் மூணு பேரு 'எனக்கும்'னு போட்டிருக்காங்க."

ஒளியண்ணன் மினுக்கும் டயோடையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுக்கம், மட்டமான சரக்கு என்று அவர் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பாவம், பேக்கரி அன்றைக்குப் போகும்போது நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனான். நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அதற்காக வாயை மூடிவிட முடியுமா?

"எல்லாம் உன்னாலதான். ஒயரத் தேடிக்கிட்டே இருந்தா நான் என்ன பண்றது? அது மட்டும் கெடச்சிருந்தா..."

பிரேக்கக்கா வலது கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒயர்த் துண்டு இருந்தது.

"கையிலயே வெச்சுக்கிட்டாடி தேடின?"

"ஸ்டியரிங்கப் பிடுங்கற ஆளு எவன்னு தெரியணும்னா, அவனப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு மெதுவா ஓட்டணும். தெரு முனை திரும்பறதுக்குள்ள பிடுங்கிடுவான்."

"தோத்தது டயோடு. நான் இல்ல."

"சரிங்க," என்றாள். சுவிட்சை அணைத்து, செத்ததைக் கழற்றிவிட்டு, அவர் டப்பாவிலிருந்து இன்னொரு டயோடை எடுத்தாள். ஒயர்த் துண்டால் இரண்டு முனையையும் தொட்டு வடித்தாள். மாட்டினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவிட்சைப் போட்டாள். எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி கம்மென்று வந்து உட்கார்ந்தது. போன் மறுபடி கலகலத்தது. 'அண்ணி, எங்களுக்கு எப்ப சொல்லித் தருவீங்க?' என்று முதலில் கேட்டது பேக்கரிதான்.

ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் பூப்போட்ட துணி விரிந்திருந்தது. அடியில் மேசை தேன் நிறம் என்பது தெரியவந்தது. மைத்துனர் குடும்பம் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. ஈயம், சால்டரிங் அயர்ன் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் போயிருந்தன. சாயங்காலம் புது டயோடோடு பேக்கரி வந்தபோது, துணியைச் சுருட்டி ஒரு ஓரத்தை மட்டும் பிரேக்கக்கா ஒதுக்கிக் கொடுத்தாள்.

"நான் சொல்லிக் குடுப்பேன்," என்றார் ஒளியண்ணன். "வழிகாட்டி நான்தான். என் மேசை போச்சு, வாய் போகல. எந்தக் கொம்பன் வந்தாலும் இத விட மாட்டேன்."

"யாரு வேணாம்னா? உக்காருங்க. கைமேல."

"என்னது?"

"ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு, அதுமேல உக்காருங்க. எங்க ஸ்கூல்ல புது வாத்தியாருங்க எல்லாம் மொத வாரம் இப்படித்தான்."

உட்கார்ந்தார். முறைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். பேக்கரி டம்மி லோடை மாட்டினான், எடுத்தான், ஒயரைத் தேடினான். ஒளியண்ணனின் தோள் இரண்டும் துடித்தன. நாற்காலி கிறீச்சிட்டது. ஆனால் கை வரவில்லை. பேக்கரி நிதானமாக ஒயரைக் கண்டுபிடித்து, வடித்து, டயோடை மாட்டினான். சுவரில் புள்ளி விழுந்தது.

"அண்ணே, எரியுதுண்ணே," என்றான் பேக்கரி. ஒளியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் வீடு தேடி வந்தவர்களில் அவர் சொல்லிக்கொடுத்து எரிந்த முதல் புள்ளி அது. மறு நிமிஷமே பழைய ரோஷம் திரும்பி வந்தது. தொடைக்கு அடியிலிருந்து இரண்டு கையையும் உருவி மேசைமேல் ஓங்கித் தட்டினார்.

"பாத்தியா? எதையும் தொடல. வெறும் வாயாலயே எரிய வெச்சேன். இப்ப சொல்லு, இந்த மேசை யாருது?"

பிரேக்கக்கா அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். சுருட்டிய துணியை மறுபடி விரித்தபடியே சொன்னாள்:

"கைய மேசை மேல வைக்கலாங்க, தட்டு வந்ததுக்கப்பறம்."