கைராசி ஐயாவும் இரண்டாம் நம்பர் சார்ஜரும்

எங்கள் பகுதியின் பொது மின்கார் சார்ஜிங் நிலையத்தில் நான்கு சார்ஜர்கள் இருக்கின்றன. மூன்றும் நான்கும் ஈ ஓட்டும். ஒன்றாம் நம்பருக்கு மட்டும் வரிசை. அந்த வரிசை மூன்று, நான்கின் வழியையும் அடைத்துக்கொண்டு நிற்கும். பல் மருத்துவர், வங்கி மேலாளர், கணக்கு டீச்சர் என்று எல்லோரும் படித்தவர்கள். காத்திருப்பது கைராசி ஐயாவுக்காக. அவர் காலையில் வருவார். ஒன்றாம் நம்பரை மட்டும்தான் தொடுவார்.

தொட்டால் என்ன ஆகும்? சார்ஜர் திரையில் முப்பது கிலோவாட் என்று நொண்டிக்கொண்டிருந்த எண் அறுபதுக்குத் தாவும். கண்ணாலேயே பார்க்கலாம். காணிக்கை அவரவர் விருப்பம். விருப்பம் எவ்வளவு என்பதை மட்டும் ஐயா சொல்லிவிடுவார்.

நான் இயற்பியலில் முதுகலை. எண் தாவியதை முதன்முதலில் பார்த்தபோது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ விளக்கம் கொடுத்தேன். "தோல்ல இருக்கிற ஈரப்பதம்... அதோட மின்புலம்..." என்று முணுமுணுத்தேன். கூட்டத்தில் நான் வாய் திறந்து பேசிய ஒரே வாக்கியம். அதுவும் தப்பு.

ஐயாவுக்குக் கூர்மையான காது. அன்றே என்னைச் சுவரோரம் ஒரு பலகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். சிரித்துவைத்தேன். மறுநாள் அந்தப் பலகையின் மேலேயே பேனர் கட்டியிருந்தார்கள்: "இயற்பியல் படித்த பெண்ணே வியந்த மின்புலக் கை!" பக்கத்தில் ஆளுயரத்துக்கு நான்.

என் அக்கா நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பாள். ஒரு சனிக்கிழமை, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு தையல்காரருக்குப் பத்து மணிக்கு ஊசி போட வேண்டும். வீடு ஊருக்கு வெளியே. "எட்டு மணிக்கே சார்ஜ் போட்டு வை" என்று கார் சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். நான் ஒன்றாம் நம்பர் வரிசையில் போய் நின்றேன். ஒன்பது மணிக்கு அக்கா வந்தபோதுதான் கேபிளைச் சொருகியிருந்தேன். பேட்டரி பன்னிரண்டு விழுக்காடு. திரையில் முப்பது. பின்னால் எடுக்க வழியில்லை.

"ஏய் விஞ்ஞானி, என்ன இது, நத்தை மாதிரி ஏறுது?"

"ஐயா தொடுவார்க்கா. தொட்டா ரெண்டு மடங்கு."

எனக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல் அக்கா பார்த்தாள்.

ஐயா நாற்காலியில் சாய்ந்திருந்தார். "கையும் ஒரு பேட்டரிதாம்மா. இன்னிக்கு இறங்கிப் போச்சு. பத்து மணிக்குத்தான் நிறையும்."

"பத்து மணிக்கு அங்க ஒருத்தர் வலியில கிடப்பாருங்க."

"நம்பிக்கை இருந்தா வலி தெரியாதும்மா."

"நம்பிக்கையை ஊசியில ஏத்த முடியாதுங்களே."

பிறகு இரண்டாம் நம்பரில் நின்ற நீல வண்டியைப் பார்த்தாள். "இது யாருது?"

"ஐயாவோட மச்சானுது. தினமும் இங்கதான் நிக்கும்." பக்தி என்று நினைத்திருந்தேன். மச்சானும் வண்டியோரம்தான் நின்றிருந்தார்.

"எண்பத்து நாலு விழுக்காடு ஆயிடுச்சு. இன்னும் எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது? இங்க விதிப் பலகைன்னு ஒண்ணு இருக்கணுமே."

இருந்தது. அதற்கு முதுகைக் காட்டித்தானே நான் படம் எடுத்துக்கொண்டேன். "எனக்குப் பின்னாடி இருக்குக்கா."

அக்கா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இந்த எனக்கு இல்ல. அந்த எனக்கு" என்று பேனரைக் காட்டினேன்.

கயிற்றை நானே அவிழ்த்தேன். என் முகம் மடங்கிக் கீழே விழுந்தது. பின்னால் நாலு வரி.

எண்பது விழுக்காடு ஆனதும் அடுத்தவருக்கு இடம் விடவும். வரிசையால் வழியை அடைக்க வேண்டாம். பிறர் கேபிளைக் கழற்ற வேண்டாம். ஒன்றும் இரண்டும் ஒரே இணைப்பு. இரண்டிலும் சார்ஜ் ஏறினால் ஆளுக்குப் பாதி.

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். அறுபதில் பாதி முப்பது. இதற்கு முதுகலை தேவையில்லை. மூன்றாம் வகுப்பு போதும்.

எங்களுக்கு அடுத்து நின்ற பார்சல் வேன்காரர் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். "மச்சான் சார், எடுத்துடுங்க. நர்சம்மா அவசரமாப் போகணும்."

மச்சான் ஐயாவைப் பார்த்தார். ஐயா வானத்தைப் பார்த்தார். வரிசை மொத்தமும் மச்சானைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் கேபிளைக் கழற்றி வண்டியை நகர்த்தினார்.

எங்கள் திரையில் முப்பது அறுபதானது. ஐயாவின் இரண்டு கைகளும் அப்போது பாக்கெட்டில் இருந்தன.

"ஐயா தொடாமலே ஏத்திட்டாரு" என்று பல் மருத்துவர் கைகூப்பினார். ஐயா உடனே கண்ணை மூடிக்கொண்டார். தொழில் தெரிந்தவர்.

அக்கா வேன்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, உங்க வண்டியைக் கொஞ்சம் ரெண்டுல போடுங்களேன்."

போட்டார். அறுபது மறுபடி முப்பதானது.

"இப்பத் தொடுங்க ஐயா. பாக்கெட்டுல இருந்தே ஏத்தின கையாச்சே."

ஐயா தொட்டார். முப்பது. இரண்டு கையாலும் தடவினார். முப்பது. "வேன்ல ஏதோ எதிர்சக்தி இருக்கு" என்றார்.

"வேன்ல பார்சல்தாங்க இருக்கு."

"அப்ப தினமும் எப்படி ஏறிச்சு?" என்று கணக்கு டீச்சர் கேட்டார்.

என் குரல் எனக்கே கேட்டது. "ஐயா தொடும்போது மச்சான் தன் வண்டி சார்ஜைப் போன்லயே நிறுத்திடுவார். நமக்கு முழுசும் வரும்."

"இன்னிக்கு ஏன் நிறுத்தல?"

பக்கத்துக் கடை மேசையைக் காட்டினேன். அங்கே மச்சானின் போன் அணைந்துபோய்ச் சார்ஜில் கிடந்தது. நான்கு விழுக்காடு. பத்து மணிக்கு நிறைய வேண்டியது ஐயாவின் கை அல்ல.

கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் நீல வண்டி கிளம்பியிருந்தது. போனையும் மறந்து, ஐயாவையும் மறந்து. ஐயா நடந்தே போனார். எந்தக் கையாலும் அவர் நடையை வேகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

வேன்காரர் தன் கேபிளைக் கழற்றினார். "நீங்க முதல்ல போங்க நர்சம்மா. இவங்க வழி விட்டா நான் மூணுல போட்டுக்கறேன்."

வரிசை நகர்ந்து வழி விட்டது. எங்கள் திரையில் அறுபது. இந்த முறை நடந்தது என்னவோ ஒருவர் விட்டுக்கொடுத்தது மட்டும்தான்.

பத்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அக்கா தையல்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். கிளம்பும் முன் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "அஞ்சு வருஷம் படிச்சியே, இந்த நாலு வரியைப் படிக்கக் கூடாதாடி?"

பேனரைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். ஆனால் பேனர் அடிக்கிறவருக்கு இன்னொரு முகம் கிடைக்காமல் போகாது. ஆகவே எங்காவது சுவரில் பட்டம் பெற்ற ஒருத்தி சிரித்துக்கொண்டு நின்றால், கொஞ்சம் தூக்கி, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அது நானாக இருந்தால் கட்டாயம் பாருங்கள்.