லெஸ்டர் விசாவும் மாப்பிள்ளை விசாரணையும்

குறும்பனை,
வியாழக்கிழமை.

அன்புள்ள வேளாங்கண்ணி அக்காவுக்கு, தம்பி சிலுவைதாசன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே நான் சுகம் என்று எழுதிவிட்டு, உடனே அதை அடித்திருக்கிறேன். நான் சுகம் என்று என் கைப்பட எழுதிய தாள் இங்கிலாந்தில், உங்கள் லெஸ்டரில் இருந்தால் விசா கிடைக்காது. ஆகவே நான் சுகமில்லை. அங்கே நீங்களும் அத்தானும் நம் சின்னத் தம்பி குடும்பமும் தாராளமாகச் சுகமாக இருக்கலாம், அதற்கு விதியில் தடை இல்லை.

நேற்று என் விசா வேலையைப் பார்க்கும் நாகர்கோவில் வக்கீல் ஆபீஸிலிருந்து விசாரணை அறிக்கையின் நகல் வந்தது. வாசித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன், ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். பக்கவாதம் வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை, அன்று நினைவு தப்பியிருந்தது.

நீங்கள் போனில் சொன்னபடி, அக்கா தன் தம்பியை அங்கே கூட்டிக்கொள்ள இரண்டு விஷயங்கள் நிரூபணமாக வேண்டும். ஒன்று, அவனால் தானாகக் குளிக்க, உடுக்க, சமைக்க முடியாது. இரண்டு, அதையெல்லாம் செய்து கொடுக்க அவன் ஊரில் ஒருவரும் இல்லை. இரண்டுமே என்னிடம் குறைவில்லாமல் இருக்கின்றன என்றுதான் நம்பியிருந்தேன். இடது கை இரண்டு வருஷமாகச் சும்மா தொங்குகிறது. இருபது வருஷம் மீன் ஏலம் கூறிய வாய், இப்போது கோணிப்போய்க் கிடக்கிறது. கல்யாணமும் இல்லை, அம்மாவும் போய்விட்டாள். இதைவிடத் தகுதியுள்ள ஆளை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

போன செவ்வாய்க்கிழமை அந்த ஆபீஸிலிருந்து அஞ்சு என்று ஒரு பெண், வயதான டிரைவரோடு வெள்ளைக் காரில் வந்தாள். அக்கம்பக்கத்தில் தனியாக விசாரிக்க வேண்டும் என்று என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். ஆள் எப்படி? உடம்புக்கு ஏதும் உண்டா? வருமானம் என்ன? வீட்டில் யார் யார்? நம் கரையில் காரில் வந்து இறங்கி இதையெல்லாம் இதே வரிசையில் கேட்பவர்கள் யார், அக்கா? பெண் வீட்டார்தான். அந்த டிரைவரைக் கல்யாணப் பெண்ணின் அப்பா என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் சிலுவைதாசனுக்கு ஒரு வழி பிறந்ததே என்று தெருவே வரிந்து கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்களிடம் உள்ளதைச் சொல்லிக் கல்யாணத்தைக் கலைத்த பெயரை நம் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அத்தானைப் பற்றி அவர் தெருவில் சொன்னதை நம்பித்தான் அப்பா உங்களைக் கட்டிக் கொடுத்தார். அதை இப்போது பேச வேண்டாம்.

எதிர்வீட்டு மரியபுஷ்பம் மாமி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். "கையா? கைக்கு என்ன? போன மாசம் ஒத்தைக் கையால வள்ளம் தள்ளினாராக்கும்." அன்று அந்தப் படகைக் கடலுக்குத் தள்ளியது ஆறு பேர். நான் அதில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அடுத்து, பக்கத்து வீட்டு ரெஜின். "சமையல் எல்லாம் அவருதான். அவரு வைக்கிய சாளை மீன் கொழம்புக்கு நாங்க சட்டியோட போய் நிப்போம். குலசேகரத்துல ரெண்டு ஏக்கர் ரப்பர் வேற உண்டு." நான் குலசேகரத்துக்கு ஆயுளில் இரண்டு முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், அக்கா. அவ்வளவுதான் எனக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு.

என் தலையில் கல்லைப் போட்டது ரெஜினின் மனைவி ஜாஸ்மி. தனியாக இருக்கிறாரே, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். "தனியாவா? நாங்க எதுக்கு இருக்கோம்? வாற பொண்ணு ஒண்ணும் பேடிக்காண்டாம். சட்டை மாட்டி விடுததுல இருந்து கஞ்சி குடுக்கது வரை நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். கடைசியில் அறிக்கை சொல்வது: விண்ணப்பதாரர் நல்ல உடல்நலத்துடனும் தோட்ட வருமானத்துடனும் அயலாரின் முழுப் பராமரிப்பில் இருக்கிறார், விரைவில் திருமணமாகும் வாய்ப்பும் தெரிகிறது.

ரெஜினைக் கூப்பிட்டு, "ஏலே, என்னை எதுக்குலே நல்லவனாக்கின?" என்று கேட்டேன்.

"பின்னே ஒங்களப் பத்தி மோசமாவா சொல்லச் சொல்லுதீங்க, மாமா?" என்று என்னிடமே வருத்தப்பட்டுக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான்.

அக்கா, வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா படுத்த கட்டில் எதிரே காலியாகக் கிடக்கிறது. இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பேனா தெரியவில்லை. ஆகவே அங்குள்ள வக்கீலிடம் சொல்லி, மூன்று சாட்சியும் பொய், இவனுக்கு இங்கே ஏன் என்று கேட்க ஒரு நாதியும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே சேர்த்துக் கொடுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம், சின்னத் தம்பிக்கு விசாரிப்பு. பிள்ளைகளைச் சூசையப்பர் காக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லா வகையிலும் உங்களை மட்டுமே நம்பியிருக்கும்
சுகமில்லாத தம்பி,
சிலுவைதாசன்.

பி.கு.: ஒரு கையால் கவர் ஒட்ட முடியாது என்பதால் வழக்கம்போல் ஜாஸ்மியிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன் வாசித்துவிட்டாள். கொண்டுவந்த கஞ்சியை மேசைமேல் வைத்துவிட்டு, "நாதி இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்பம் நான் ஆரு மாமா?" என்று கேட்டாள். நான் குனிந்தேன். என் சட்டையின் ஆறு பொத்தானும் ஒழுங்காகப் போட்டிருந்தது. காலையில் அவள்தான் போட்டுவிட்டாள். ஆகவே அக்கா, இந்தக் கடிதத்தை வக்கீலிடம் கொடுக்க வேண்டாம். அறிக்கையில் ரப்பரும் வள்ளமும் கொழம்பும்தான் பொய். ஜாஸ்மி கையெழுத்துப் போட்டது அப்படியே இருக்கட்டும். மேலே தொடக்கத்தில் அடித்த இரண்டு வார்த்தைகளை அடிக்காததாக நினைத்து வாசியுங்கள்.