அன்னம் ஏறிய சைக்கிள்

கல்யாணத்தைக் கெடுக்க எதிரி வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று நினைப்பவர்கள் அண்ணன்மார்களை அறியாதவர்கள். என் தங்கை கமலத்துக்கு எதிரி வீட்டுக்குள்ளேயே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தான். அடியேன்தான்.

பம்பாயில் யுத்த காலம். புது சைக்கிள் குதிரைக்கொம்பு. ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஜோரில் பழைய சைக்கிள் ஒன்றை மாதுங்கா வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். பிரேக் பிடிக்காதது பற்றி எனக்குக் கவலையில்லை. எதிர்வீட்டுக்காரன் தன் ஹேண்டில்பாரில் பட்டுக் குஞ்சலம் கட்டியிருந்தான். நான் மட்டும் மொட்டையாகப் போவதா?

கமலத்தின் சீருக்காக அப்பா பாலக்காட்டிலிருந்து தருவித்த குத்துவிளக்கு, பழைய வேஷ்டி சுற்றிப் பெட்டியில் படுத்திருந்தது. அதன் உச்சியில் இருந்த பித்தளை அன்னம் திருகியதும் கழன்று வந்தது. ஏற்கெனவே மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. (விளக்குக்கு இப்போது என்ன அவசரம் என்று நினைத்தேன். பாவி!)

குர்லாவில் ஒரு திருநெல்வேலிக்காரரின் பட்டறை. "கொஞ்சம் கெட்டியா நிக்கணும்" என்றுதான் சொன்னேன். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஹேண்டில்பாரின் நடுவில் அன்னத்தை வைத்துப் பற்றவைத்தே விட்டார்.

"இனி எமனே வந்து இழுத்தாலும் வராது பாத்துக்கிடுங்க, சாமி" என்றார் பெருமையாக.

அப்போதுதான் பெட்டியில் தலையில்லாமல் கிடக்கும் விளக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் வீடு வரை மணி அடித்துக்கொண்டேதான் வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே செம்பூரிலிருந்து நாலாவது வரன் பெண் பார்க்க வந்தது. இதுவும் தட்டினால் கமலத்தை ஊருக்கே அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அவளுக்கோ பம்பாயை விட மனசே இல்லை. சீர் விளக்கை ஏற்றினாலாவது நல்லது நடக்கட்டும் என்று அம்மாவுக்குத் தோன்றி, எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு கூடத்தில் வைத்தே வேஷ்டியைப் பிரித்தாள்.

"ஏன்டா, இதோட தலை எங்கேடா?"

என் முழியே காட்டிக்கொடுத்துவிட்டது. பையனின் அம்மா எழுந்தே விட்டாள்.

"நல்ல காரியத்துக்கு மூளி விளக்கா? சகுனமே சரியில்லை. கிளம்புங்கோ!"

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

பார்க்க வந்தவர்கள் எதிரில் பெண் வாய் திறக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். கமலம் திறந்தாள்.

"மாமி, தலை பத்திரமா கீழே சைக்கிள்ல இருக்கு. எல்லாம் எங்கண்ணா பண்ணின வேலை. சைக்கிளை மேலே கொண்டுவந்து பக்கத்துல நிறுத்திட்டா விளக்கு முழுசாயிடுமோன்னோ?"

மாமி பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளைப் பையன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்தான். "வாங்கோ, நான் பின்னாடி பிடிச்சுக்கறேன்" என்றான் என்னிடம்.

இரண்டு மாடி. வழியில் என் வேஷ்டி செயினில் மாட்டி, மானம் ஒரு படிக்கு ஒரு முழமாகப் போனது. ஒருவழியாக விளக்கை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தினோம். மாமி அதைச் சுற்றி வந்து முறைத்தாள்.

"அன்னம் கிழக்கே பார்க்கணும்" என்றாள் கடைசியில்.

ஹேண்டில்பாரைத் திருப்பினேன். மாமியே அன்னத்துக்குக் குங்குமம் வைத்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே விளக்கை ஏற்றினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சீர் பேசும்போது மாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "விளக்கை முழுசாத் தருவேளோன்னோ?"

அப்படியாக என் சைக்கிளும் செம்பூர் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை ஆயுசு முழுக்க அதில்தான் ஆபீஸ் போனார். வெள்ளிக்கிழமை மட்டும் எந்த மேலதிகாரி நிறுத்தினாலும் நிற்க மாட்டார். அன்னத்தோடு அவர் வந்தால்தான் கமலம் சீர் விளக்கை ஏற்ற முடியும். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எவனாவது சாயங்காலம் வீட்டுக்கு ஓடப் பறந்தால், "என்னடா, தலையைக் கொண்டுபோறியா?" என்றுதான் கேட்கிறார்கள்.