வீடு நிறைய ஆட்கள், இன்பாக்ஸ் நிறைய மகள்

நோன்புக் காலத்தில் பின்னேரமானால் முக்கியமான வேலை எதிலும் கை வைக்கமாட்டேன். இந்தக் கொள்கை எனக்குச் சும்மா வரவில்லை. மானம் போய்த்தான் வந்தது.

கண்டி டவுனில் ஒரு கட்டடப் பொருள் கம்பனியில் எனக்குக் கணக்கு வேலை. திகனையில் வீடு. மனைவி மௌத்தாகி, அடக்கம் பண்ணிப் பல வருஷம். ஒரே மகள் ஷிஃப்னா கல்யாணம் முடித்து மெல்போர்னில் இருக்கிறாள். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம் என்பதால் அவள் மெயில்தான் எழுதுவாள். ஒன்றையும் அழிக்காமல் மொபைலிலேயே வைத்திருந்து திரும்பத் திரும்பப் படிப்பேன். (அவள் செய்த பெருநாள் இனிப்பு வட்டிலப்பத்தின் படம் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்து வரும்.)

நான் தனியாக இருப்பது ஆபீசில் யாருக்கும் தெரியாது. நோன்பு திறக்க யாராவது கூப்பிட்டால், "ஐயோ, வீடு நிறைய ஆக்கள். நான் இல்லாட்டி சரிவராது" என்பேன். பரிதாபப்பட்டுக் கஞ்சி ஊற்றிவிடுவார்களே என்ற பயம். அவ்வளவு ரோஷம்!

பெருநாள் நெருங்கும்போது போன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. மெயில் பெட்டி நிறைந்துவிட்டதாம், இனிப் புதிதாக ஒன்றும் வராதாம். மகளின் பெருநாள் மெயில் வராவிட்டால் எனக்கு ஏது பெருநாள்? பக்கத்து மேசை மலர்விழியிடம் ஓடினேன். புசல்லாவை ஊர்ப் பிள்ளை, இந்த விஷயங்களில் கெட்டி. அண்ணன் முறை வைத்து என்னை 'நானா' என்பாள்.

"பழசையெல்லாம் வேற எடத்துக்கு அனுப்பிட்டு, இங்க அழிச்சிருங்க நானா. லேசான வேலை."

'அனுப்பு, அழி' மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. திகனை பஸ்ஸில் உட்கார்ந்து, தேத்தண்ணி இல்லாத தலையிடியோடு, மூக்குக்கண்ணாடியைப் பையிலேயே விட்டுவிட்டு, எல்லாவற்றையும் எனக்கே அனுப்பத் தொடங்கினேன். என் பெயரின் முதலெழுத்தைத் தட்டியதுமே போன் ஒரு முகவரியை நீட்டியது. என்ன கெட்டிக்காரப் போன் என்று மெச்சிக்கொண்டு அமத்தினேன். அனுப்பினேன், அழித்தேன். அனுப்பினேன், அழித்தேன். கடைசியில் குப்பைக்கூடையையும் காலி பண்ணினேன்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போது மலர்விழி போனில் கோல் எடுத்தாள்.

"நானா, எங்க இருக்கீங்க?"

"வீட்ல, புள்ள. வீடு நிறைய ஆக்கள். பொறகு கதைக்கட்டா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நானா... ஒங்க மக எழுதுன மெயிலெல்லாம் ஆபீஸ்ல எல்லாருக்கும் வந்துக்கிட்டே இருக்கு. மேனேஜர் மாத்தயாவுக்குத் தமிழ் தெரியாதே, அர்த்தம் கேட்டாரு. நான்தான் சிங்களத்துல சொன்னேன்."

நான் அமத்தியது ஊழியர்கள் எல்லோருக்குமான 'all' முகவரி! என் பெயருக்கும் அதற்கும் முதலெழுத்து ஒன்றுதான். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

'வாப்பா, தனிய உக்காந்து நோன்பு தொறக்கிற நேரம் டீவியயாவது போடுங்க. பள்ளிவாசல்ல பாங்கு சொல்ல முந்தி பேரீத்தம்பழத்த வாயில வெக்க வாணாம். ரைஸ் குக்கரோட கதைக்கிறதயும் கொஞ்சம் கொறைங்க.'

இது சிங்களத்திலுமா!

மறுநாள் ஆபீசில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மேனேஜர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் வேன் சத்தம். ஆபீசே இறங்கியது, கஞ்சிச் சட்டியும் சமோசாவுமாக. மலர்விழி வீட்டு முன் ஹோலை எட்டிப் பார்த்தாள்.

"எங்க நானா, வீடு நிறைய ஆளுக?"

வெட்கத்தில் குசினிக்குள் ஓடினேன். அங்கே கோப்பைகள் போதவில்லை. ஆள் மாறி ஆள் கஞ்சி குடித்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது.

போகும்போது மலர்விழி மெல்லக் கேட்டாள்: "ஒங்களுக்கே அனுப்பியிருந்தா அதே பொட்டிக்குள்ளதானே வந்து விழும்? அதையும் அழிச்சிருப்பீங்கல்ல?"

அழித்திருப்பேன். மகளின் ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது. மானம் போனதால்தான் மெயில் பிழைத்தது. அவளே வேறொரு பெட்டி திறந்து, ஆபீசுக்கு வந்த எல்லாவற்றையும் அதில் போட்டுத் தந்தாள்.

நடந்ததை மகளுக்கு எழுதினேன். ஷிஃப்னாவின் பெருநாள் மெயில் 'வாப்பாவுக்கும் ஆபீஸ் எல்லாருக்கும் ஈத் முபாரக்' என்று வந்தது. இன்றும் அவள் ஆபீசுக்கு ஸலாம் சொல்லாமல் மெயில் தொடங்குவதில்லை; ஒரு பிரதி அங்கேயும் போகும். நோன்பு வந்தால் ஒரு நாள் எல்லோரும் வேனில் வருவார்கள். மற்ற நாட்களில் நான் இன்னமும் ரைஸ் குக்கரோடுதான் கதைக்கிறேன். அதை மட்டும் மகளுக்கு எழுதுவதில்லை, அவள் ஏசி எழுதினால் ஆபீசுக்குத் தெரிந்துவிடும்.