ஹார்மன் பழுதுபார்த்த ஆர்கன்

வாங்குகிறவர் வாசலில் வந்து நிற்கிறார். ஆர்கனோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. ஹார்மன் துளையிட்ட பாட்டு அட்டையைச் செருகி, சக்கரத்தைச் சுற்று சுற்றென்று சுற்றினான். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

சக்கரத்தைச் சுற்றினால் குழல்கள் தானாகப் பாடும் பழைய திருவிழா ஆர்கன்களை அவன் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறான்; அவற்றில் இதுதான் பெரியது. கொட்டகையையே அடைத்துக்கொண்டு நின்றது. சனிக்கிழமை இதே கொட்டகையில் மகள் கல்யாண விருந்து.

"இது இன்னைக்குக் கிளம்பலைன்னா விருந்தை வாய்க்கால்லதான் வைக்கணும்," என்றாள் மனைவி அலைடா.

"நான் இருக்கேன்ல? நீ காபியப் போடு."

அமெரிக்காவிலிருந்து வாங்க வந்த ப்ரெண்டல், ஆர்கன் முகப்பில் செதுக்கியிருந்த பொம்மைகளை ஆசையாகத் தடவினார். "அருமை! அப்படியே குடுங்க. எதையும் தொட வேண்டாம்."

நெதர்லாந்தில் எங்கள் பிரபான்ட் பக்கம் 'மோசமில்லை' என்றாலே பெரிய பாராட்டு. ஹார்மன் மனைவியின் காதைக் கடித்தான்: "அமெரிக்காக்காரங்க மழை பெஞ்சாலும் அருமைன்னுதான் சொல்வாங்க. உள்ளுக்குள்ள திட்டுறாரு."

சைக்கிள் ட்யூபை வெட்டித் துருத்தியின் ஓட்டையில் ஒட்டினான். காற்று ஏறியது. ஒரே ஒரு குழல் மட்டும் ஊளையிட ஆரம்பித்து, நிற்கவே இல்லை. பக்கத்து வயல் மாடுகளெல்லாம் வேலியோரம் கூடிவிட்டன.

"ஐயா, போதும்! முன்னாடி இருந்ததுதான் அருமை!" என்று கத்தினார் ப்ரெண்டல்.

"பாத்தியா, எவ்வளவு மரியாதையான மனுஷன்! இவரை ஏமாத்தலாமா?" என்றான் ஹார்மன் அலைடாவிடம்.

ஹார்மன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே புகுந்தான். ஊளையிட்ட குழலை ஒரே தட்டில் அடக்கினான். அவ்வளவுதான், காற்று மற்ற குழல்களுக்கெல்லாம் பாய்ந்தது. முரசு அதிர, மணிகள் குலுங்க, கூரை ஓடுகள் கடகடக்க ஆர்கன் முழுப் பாட்டையும் முழங்கித் தீர்த்தது. ஹார்மனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ப்ரெண்டல் வெளிறிப்போய்க் கைகுலுக்கினார். "அருமை," என்றார், எழவு வீட்டில் சொல்வதுபோல. நேரே போய்க் காரில் ஏறிக்கொண்டார். கார் கிளம்பியே விட்டது.

ஆர்கனை ஏற்றிப்போக வந்த பெல்ஜியம் லாரிக்காரன் யோரிஸ், அவிழ்த்த கயிற்றை மறுபடியும் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, இதுக்கு மேல எப்படிப் பாடணுமாம் அவருக்கு?"

"பாடவே கூடாதாம்ணே. வீட்ல ஏற்கெனவே நாலு பாடுதாம். அஞ்சாவது ஊமையா இருந்தாதான் வாசப்படி ஏத்துவேன்னு அவரு சம்சாரம் சொல்லி அனுப்பியிருக்கு."