எதிர்க்கடைக்குப் போங்க

“மெஷின் சரியில்ல சார். துணி கிழிஞ்சா நான் பொறுப்பில்ல. எதிர்க்கடைக்குப் போங்க.”

சலவைக்கடை முதலாளியே வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்வது விசித்திரம்தான். ஆனால் நம்மவர் சாதாரண முதலாளியா? வீட்டில் அவருக்கு ‘மூளை’ என்றே பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டவரும் அவரேதான்.

கடையில் பாதி அவருடையது, பாதி மனைவியின் அண்ணனுடையது. பன்னிரண்டு வருடக் கூட்டு கசந்துவிட்டது, ஒருவர் விலகியாகவேண்டும். பேரம் பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள்.

“ஒருத்தர் பாதிப் பங்குக்கு விலை எழுதுங்க. அந்த விலைக்கு வாங்குறதா விக்கிறதான்னு இன்னொருத்தர் சொல்லட்டும். எழுதினப்புறம் பேச்சே கிடையாது.”

“நானே எழுதுறேன்” என்று முந்திக்கொண்டார் மூளை.

அவருக்குக் கடை வேண்டும், அதுவும் அடிமாட்டு விலைக்கு. வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் எங்கே போய் நிற்பது? கடை ஈயடித்துக் கிடந்தால் மச்சான் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார். அதனால்தான் வந்தவர்களையெல்லாம் எதிர்ப்பக்கம் விரட்டினார். அங்கே மூன்று மாதத்துக்கு முன் புதிதாய் ஒரு சலவைக்கடை முளைத்திருந்தது. கல்லாவில் யாரோ ஒரு மீசைக்காரன்.

வங்கி மேலாளர் மட்டும் அசையவில்லை.

“பன்னிரண்டு வருஷமா இங்கதான் போடுறேன். கிழிஞ்சா கிழியட்டும்.”

இந்த விசுவாசத்தை மூளை விட்டுவைப்பாரா? மேலாளரின் வெள்ளைச் சட்டை முதுகில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு, நிதானமாக டீ குடித்துவிட்டு வந்தார். மறுநாள் மேலாளரோடு மொத்த வங்கியும் எதிர்க்கடை வாசலில் நின்றது.

“சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறீங்களேண்ணே” என்றார் கடையின் இஸ்திரிக்காரர்.

“உனக்குப் புரியாதுப்பா. இது தந்திரம்.”

மச்சான் காலி அலமாரிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மத்தியானமானால் “முதுகு வலி மாப்பிள்ளை” என்று முனகிக்கொண்டே கிளம்பிவிடுவார். மனுஷன் ஒடிந்துவிட்டார் என்று மூளைக்கு ஏகப்பட்ட குஷி.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மூளை விலையை எழுதி நீட்டினார். புது ஸ்கூட்டர்கூட வராத விலை.

மச்சான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“இவ்வளவுதானா? அப்ப நானே வாங்கிக்கிறேன் மாப்பிள்ளை.”

மூளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீட்டைப் பிடுங்கினார்.

“ஐயோ மச்சான், அவசரத்துல ஒரு சைபர் விட்டுப்போச்சு!”

“எழுதினப்புறம் பேச்சு கிடையாதுன்னு சொன்னேன்ல?” என்றாள் மனைவி.

“இது பேச்சில்ல, திருத்தம்!”

சைபர் சேர்ந்த சீட்டை மச்சான் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“போனாப் போகுது. நீங்க இவ்வளவு ஆசைப்படுறீங்க. வித்துடுறேன்.”

வங்கியில் போட்டுவைத்திருந்ததும் போயிற்று, காரும் போயிற்று. மூளைக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனாலும் கடை இப்போது முழுக்க அவருடையது. விரட்டிய ஜனம் ஒரே வாரத்தில் திரும்பாதா என்ன? நேற்று வந்த மீசைக்காரனுக்குத் தொழிலில் என்ன தெரியும்?

பணம் கைமாறிய மறுநாள் காலை கதவைத் திறந்ததுமே இஸ்திரிக்காரர் பையோடு வந்து நின்றார்.

“நான் நின்னுக்கிறேண்ணே. வேற இடத்துல கூப்பிட்டிருக்காங்க.”

“எங்க?”

“எதிர்லதான்.”

“அந்த மீசைக்காரன்கிட்டயா? அவனெல்லாம் ஒரு முதலாளியா?”

“அவர் சம்பளத்துக்கு நிக்கிறவருண்ணே. முதலாளி உங்க மச்சான்தான். நீங்க அனுப்பிவிட்ட துணியைத் தேய்ச்சுத் தேய்ச்சு அவருக்கு முதுகே போச்சாம்.”